எண்ணூர் குப்பத்தில் ஒரு ஜப்பான் மாலுமித் தொப்பி

ஆயுத பூஜை முடிந்த கையோடு ஒரு சனிக்கிழமை, ஒரே ஒரு தொப்பியைப் பார்ப்பதற்காகப் பெரம்பூரிலிருந்து எண்ணூர் வரை போய் வந்தேன். பழைய கப்பல் சாமான்களைத் தேடி வடசென்னைப் பக்கம் போக நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். எழுத உட்கார்ந்த பிறகும் என் குழப்பம் தீரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்து முடித்ததும் தெளிவு வந்தால் அது உங்கள் சமர்த்து.

புதிதாக வருபவர்களுக்கு: நான் தொப்பி சேர்ப்பவன். அதிலும் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜப்பான் கப்பல் தொப்பிகள். "இருக்கிறது ஒரு தலை, அதிலும் முடி இல்லை" என்பது என் மனைவியின் நிரந்தரக் கருத்து. இந்தத் தொப்பிகளை அடையாளம் காண்பது, கேட்கும்போது சுலபமாகத்தான் இருக்கும். நங்கூரமும் அதன் மேல் செர்ரிப் பூவும் இருந்தால் கடற்படை. களத்தில் அணிந்த துணித் தொப்பியில் இரண்டு கோடு ஓடினால் அதிகாரி. சரக்குக் கப்பல் மாலுமி என்றால் பூவுக்குப் பதிலாகக் கம்பெனியின் குறி இருக்கும். இதோடு நின்றிருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். போருக்குப் பிறகு வந்த ஜப்பான் கடற்படையும் அதே நங்கூரத்தையும் பூவையும் வைத்துக்கொண்டது. சரக்குக் கப்பல்களிலோ கம்பெனிக்குக் கம்பெனி குறி வேறு. போர் முடிந்த பின்னும் பல மாலுமிகள் பழைய தொப்பியையே போட்டுக்கொண்டு ஊர் ஊராகக் கப்பலில் போயிருக்கிறார்கள். ஆக, ஒரு தொப்பியைக் கையில் எடுத்தால் 'இது எப்போதையது, யாருடையது' என்ற இரண்டு கேள்விக்கும் மூன்று மூன்று பதில் கிடைக்கும்.

ராயபுரத்தில் பழைய கப்பல் சாமான் கடை வைத்திருக்கும் ஜெபராஜ் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். தூத்துக்குடிக்காரர், என்னைப் போன்ற பைத்தியங்களை வைத்துப் பிழைப்பவர். படத்தில் கறுத்துப்போன ஒரு கடல் தொப்பி. முன்பக்கம் நங்கூரம். அதன் நடுவில் வெளிர் மஞ்சள் தளத்தில் உருண்டையாக ஒரு சிவப்பு வட்டம். அப்படி ஒரு குறியை நான் எங்கும் பார்த்ததில்லை. அந்த வாரம் முழுக்க இணையத்தில் தேடினேன். ஜப்பான் கப்பல் கம்பெனிக் கொடிகளை எல்லாம் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசியில், போரில் மொத்தமாக மூழ்கிப்போன ஏதோ ஒரு கம்பெனியின், எந்தச் சேகரிப்பாளர் கையிலும் சிக்காத சின்னம் இது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

காலை எட்டு மணிக்குப் பெரம்பூரில் ஆட்டோ பிடித்தேன். ராயபுரம் வரை நூற்றைம்பது ரூபாய். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற சாலையில் ஆட்டோ சந்து பொந்தெல்லாம் புகுந்து போனது. ஜெபராஜ் கடையில் கயிறு, விளக்கு, திசைகாட்டிப் பெட்டி என்று கால் வைக்க இடமில்லை. போனதும் இன்னொரு தொப்பியை என் முன்னால் வைத்தார்.

"இதுவும் ஜப்பான்தான் அண்ணாச்சி. கேப்டன் போட்டது."

திருப்பிப் பார்த்தேன். உள்ளே நாடக உடை வாடகைக் கடையின் முத்திரை, சுத்தத் தமிழில். அவரிடம் காட்டினேன்.

"அப்படியா? நான் உள்ள பாக்கலையே" என்றார், கொஞ்சமும் அசராமல். "சரி, அது கெடக்கட்டும். படத்துல இருக்கது நெசம். எஞ்சின் சாமான் வாங்க வந்த எண்ணூர்க்காரர்தான் காட்டுனாரு. நாகூரான்னு பேரு. 'வெவரம் தெரிஞ்ச ஆளு இருந்தா பாக்கச் சொல்லுங்க'ன்னாரு. உங்களத்தான் சொல்லிருக்கேன்."

'பார்க்கச் சொல்லுங்கள்' என்றால் 'விலை பேசச் சொல்லுங்கள்' என்றுதான் எங்கள் வட்டாரத்தில் அர்த்தம். பையில் பணத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கிளம்பினேன்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ, முப்பது ரூபாய். டோல்கேட், காலடிப்பேட்டை, தேரடி என்று ஊர்கள் ஜன்னலுக்குக் கீழே போகின்றன. விம்கோ நகரில் இறங்கி ஷேர் ஆட்டோவில் ஏறினேன். இருபது ரூபாய். ஏறின பிறகுதான் குழப்பம் ஆரம்பித்தது.

"எந்த குப்பம் சார்?" என்றார் ஓட்டுநர். "எண்ணூர்ல ஏகப்பட்ட குப்பம் கீது."

நாகூரான் வீடு என்றேன். நாகூரான் என்ற பெயரில் ஊருக்கு நாலு பேர் இருப்பார்களாம். ஜப்பான் தொப்பி வைத்திருக்கும் நாகூரான் என்றேன்.

பக்கத்தில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொணத்தொப்பி வூடா?" என்றார். பிறகு முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஓட்டுநர் ஆட்டோவை விரட்டினார். இறங்கும்போது கையால் மட்டும் வழி காட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

கருங்கல் கொட்டிய கரையை ஒட்டி வீடு. தூரத்தில் அத்திப்பட்டு மின்நிலையப் புகைபோக்கிகள். வீட்டு வாசலுக்கு நேரே மணலில் ஃபைபர் படகு ஒன்று, இங்கே 'போட்டு' என்பார்கள், புதுப் பெயின்ட்டோடு, தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. மற்ற போட்டுகளில் எல்லாம் ஈர வலை. இதில் வலை காய்ந்து கிடந்தது. நாகூரானுக்கு ஐம்பது வயது இருக்கும். அவர் மனைவி கஸ்தூரி நாற்காலி போட்டு, டீ கொடுத்து, அதன் பிறகு ஒரு தாம்பாளத்தில் தொப்பியைக் கொண்டுவந்து வைத்தார்.

நான் வெள்ளைப் பருத்திக் கையுறையை எடுத்து மாட்டினேன்.

"இன்னா சார், ஆபரேசனா?" என்றார் கஸ்தூரி.

தொப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். உலகம் காணாத அந்தச் சிவப்பு வட்டத்தைப் பக்கத்தில் பார்த்தேன். முகர்ந்தும் பார்த்தேன். சந்தனம். அதன் மேல் குங்குமம்.

எஞ்சின் ஸ்பேனர்களோடு ஒரே பெட்டியில் அந்தத் தொப்பி இருக்கிறது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை ஸ்பேனருக்கு வைக்கிற பொட்டைத் தொப்பிக்கும் வைத்திருக்கிறார்கள். பல வருடத்துப் பொட்டு, தடிமனாக ஏறியிருந்தது. போன வாரம் என் வீட்டிலேயே ஸ்கூட்டருக்கும் மிக்ஸிக்கும் நான்தான் சந்தனம் குங்குமம் வைத்தேன். அதையே படத்தில் பார்த்துவிட்டு யோகோஹாமாவில் கம்பெனி தேடியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதை மறைக்க, "எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்று விலைப் பேச்சைத் தொடங்கினேன்.

நாகூரான் மனைவியைப் பார்த்தார். "விக்கறதுக்குக் கூப்டல சார். நீ பாத்து ஒரு விசயம் சொல்லணும். சரியா சொல்ட்டா நீயே எத்துகினு போ, துட்டு கூட வேணாம்."

அவர் சொன்னது இதுதான். அவருடைய நைனாவின் நைனா, அதாவது அப்பாவைப் பெற்ற பெரியவர், துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்ட கப்பல்களுக்குப் படகில் காய்கறியும் தண்ணீரும் கொண்டுபோனவர். ஒரு ஜப்பான் மாலுமி இந்தத் தொப்பியைத் தலையில் வைத்து அனுப்பினார் என்பது பெரியவர் சொன்ன கதை. ஊர் சொன்ன கதை வேறு. போர் நடந்த காலத்தில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரனின் உடல் இந்தக் கரையில் ஒதுங்கியிருக்கிறது. கடலில் பிணத்தைப் பார்த்தால் விட்டுவிட்டு வரக்கூடாது, கரை சேர்த்து அடக்கம் செய்யவேண்டும், அதன் மேல் இருக்கிற எதையும் தொடக்கூடாது என்பது இந்தக் குப்பத்தின் கட்டுப்பாடு. பெரியவர் அன்றைக்குத் தொப்பியை உருவிக்கொண்டார் என்று பேச்சு. செத்தவன் தன் பொருளைக் கேட்டு அந்த வீட்டுப் போட்டின் பின்னாலேயே வருவான் என்று அதற்கு ஒரு வாலும் உண்டு.

"நல்லா போய்கினு இருந்தப்ப எவனும் பேசல சார்" என்றார் நாகூரான். "புது போட்டு எறக்கினேன். ரெண்டு தபா எஞ்சின் நின்னுபோச்சி, வலையில ஒண்ணியும் இல்ல. அத்தோட பழைய பேச்ச எத்துட்டானுங்கோ. எங்கூட வர்ற மூணு பேரும் ஏற மாட்டேன்றான். தனியா நான் எப்டி வலை இஸ்துகினு வர்றது? எனக்கு எந்த வருசம், எந்த கப்பல், அதெல்லாம் வேணாம். பொணத்துல எடுத்ததா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. எனக்கு இது போர்க்காலத் தொப்பியாக இருக்கவேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். ஆனால் போர்க்காலம் என்று என் வாயால் சொன்னால், அன்றைக்கு எதிரி நாடான ஜப்பானின் கப்பல் எதுவும் சென்னைக்குக் காய்கறி வாங்க வந்திருக்க முடியாது. பெரியவர் பொய்யராகிவிடுவார், ஊர் சொன்னது நிஜமாகிவிடும். எனக்கு லாபமான பதில் அவருக்கு நஷ்டம். இப்படி ஒரு நிலைமை எந்தத் தொப்பியிடமும் எனக்கு வந்ததில்லை.

முதலில் சின்னத்தைப் பார்க்கவேண்டும் என்றேன். குங்குமத்தைத் துடைக்கக் கை நீட்டியதும் கஸ்தூரி தடுத்தார். "பூஜைக்கு வச்சத நீ தொடைக்கக் கூடாது சார், நான்தான் தொடைக்கணும்." ஈரத்துணியால் சின்னத்தை மட்டும் பதமாகத் துடைத்துக் கொடுத்தார். கறுத்துப்போன ஜரிகையில் நங்கூரம் முழுசாக வெளிவந்தது. அதன் தலையில் ஏதோ ஒன்று பூச்சி அரித்துக் கிடந்தது. பூ என்று பார்த்தால் பூ. கம்பெனிக் குறி என்று பார்த்தால் குறி. வெறும் நூல் பிசிறு என்று பார்த்தால் அதுவும் சரிதான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில் பிசிறு பெரிதாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

தையலைப் பார்த்தேன். நைலான் நூல் இருந்தால் போருக்குப் பிந்தையது என்று சொல்லிவிடலாம். விளிம்பில் பச்சையாக ஒரு நூல் தெரிந்தது. மனதுக்குள் துள்ளிவிட்டேன். நாகூரான் எட்டிப் பார்த்து, "அது வலை நூலு சார். பிஞ்சிருந்திச்சி, நான்தான் தைச்சேன்" என்றார். மற்றத் தையல் எல்லாம் பருத்தி. பருத்தி எந்தக் காலத்திலும் உண்டு. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

தொப்பியைக் கவிழ்த்தேன். உச்சியில், பழுப்பேறிய கண்ணாடித்தாளுக்குக் கீழே, வெள்ளைத் துணியில் பேனா மையால் மூன்று ஜப்பானிய எழுத்து. தொப்பிக்காரனின் பெயர். கண்ணாடித்தாளின் ஒரு மூலை உடைந்திருந்தது. கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியைக் காட்டினேன். முதலில் 'மலை வாய்' என்றது. கொஞ்சம் நகர்த்தியதும் 'கதவு மூன்று' என்றது. நாகூரான் பயந்த மாதிரி என்னைப் பார்த்தார். கைப்பேசியை அணைத்துவிட்டேன்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. எழுத்தைப் படிக்கத்தான் முடியவில்லை, ஆனால் ஒவ்வொரு கோடும் மயிரிழை மாதிரித் துல்லியமாகத் தெரிந்தது. மை எங்கும் பரவவில்லை. முன்விளிம்பை அழுத்திப் பார்த்தேன். உள்ளே அட்டை, உப்பாமல் விறைப்பாக இருந்தது. உட்பக்கத் தோல்பட்டை சுருங்கவில்லை. நான் வந்ததிலிருந்து 'எப்போதையது' என்றே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் கேட்டது அது இல்லையே.

"நாகூரான், இந்தத் தொப்பி கடலில் விழவே இல்லை" என்றேன். "விழுந்திருந்தால் அட்டை ஊறிப் பிரிந்திருக்கும். இந்தப் பெயர் கலைந்திருக்கும். கரை ஒதுங்கின பிணத்தின் தலையில் இருந்த தொப்பி இது இல்லை."

அவர் எழுந்து வெளியே போய் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். போட்டில் ஏற மறுத்த அதே மூவர். அவர்களில் வேலு என்பவர்தான் பேசினார். அவருக்கு நாற்பது வயது இருக்கும், நாகூரானின் தோஸ்து. நான் திரும்பவும் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அட்டைய வுடு. அது காஞ்சா திரும்பி வெறப்பாய்க்கும்" என்றார். "பேரு கலையலன்றியே. வண்ணான் குறி போடுவான் பாரு, துணில. நூறு தபா தொவச்சாலும் போவுதா? இதுவும் அந்த மாரி மையா இருந்தா?"

மையை மறுபடி உற்றுப் பார்த்தேன். சரியான கேள்வி. ஜப்பானில் தூரிகையால் எழுதும் கறுப்பு மை தண்ணீரில் கரையாது என்பது எனக்கே தெரியும். இது நீலம், பேனா மை மாதிரி இருக்கிறது. மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். நனைத்துப் பார்த்தால் ஒழிய எனக்கும் தெரியாது, வேலுவுக்கும் தெரியாது. கரைந்தால் இது கடலில் விழாத தொப்பி, கரையாவிட்டால் ஊர்ப்பேச்சு அப்படியே நிற்கும்.

"நனைச்சிப் பாரு" என்றார் வேலு. பாதியாக வெட்டின பிளாஸ்டிக் பாட்டிலில் கடல் தண்ணீர் மொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

என் வழக்கத்தை நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும். தொப்பிப் பெட்டி இருக்கிற அறையில் நான் ஈரத்துண்டைக் கூடக் காயப்போட விடமாட்டேன். ஒரு தொப்பியில் சொந்தக்காரனின் பெயர் கிடைப்பது எங்களுக்கு லாட்டரி. இந்த மூன்று எழுத்தைத் தவிர அந்த மனிதனைப் பற்றி இந்தத் தொப்பியில் வேறு எதுவும் இல்லை. செத்தானோ, பிழைத்து ஊர் போய்ப் பேரன் பேத்தி எடுத்தானோ. முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். கஸ்தூரி வாசலுக்கு வெளியே, தார்ப்பாய் போர்த்திய போட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முதலில் படம் எடுத்துக்கொண்டேன். கையுறையைக் கழற்றினேன். ஒரு எழுத்துதான் என்று சொல்லிவிட்டு, விரலைக் கடல் தண்ணீரில் நனைத்து, உடைந்த மூலை வழியாகக் கடைசி எழுத்தின் மேல் வைத்தேன்.

ஒன்றும் ஆகவில்லை.

"பாத்தியா" என்றார் வேலு.

நாகூரான் தலையைக் குனிந்துகொண்டார். நான் விரலை எடுக்காமல் வைத்திருந்தேன். பிறகு எடுத்தேன். துணியில் மெல்ல ஒரு நீலம் கசிந்தது. கோடுகள் தடித்தன, ஒன்றோடு ஒன்று சேர்ந்தன. கடைசி எழுத்து ஒரு திட்டாகி, நடு எழுத்தின் ஓரத்தையும் தொட்டு நின்றது. என் விரல் நுனியிலும் நீலம். சந்தோஷப்படவேண்டிய நேரத்தில் எனக்கு அழுகை வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தது என்பதுதான் உண்மை.

வேலு குனிந்து அந்தத் திட்டைப் பார்த்தார். பாட்டில் தண்ணீரைக் கீழே கொட்டினார். பிறகு நாகூரானிடம், "எஞ்சினுக்கு ஆயில் கீதா?" என்றார். மற்ற இரண்டு பேரும் தார்ப்பாயை அவிழ்க்கப் போனார்கள்.

நாகூரான் சொன்ன சொல் மறக்காதவர். தொப்பியைத் தாம்பாளத்தோடு எடுத்து என்னிடம் நீட்டினார். "எத்துகினு போ சார்."

கஸ்தூரி அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "கோச்சிக்காத சார். இத்தினி நாளா சொம்மா வச்சிகினு இருந்தோம். இன்னிக்குத்தான் இது எங்களுதாச்சி" என்றார். இன்னொரு டீ குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

போக நினைப்பவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொள்ளும். போக வர, டீ உட்பட முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. திரும்பும்போது ஆட்டோவைத் தவிர்த்து பஸ்ஸில் வந்தேன். எண்ணூரில் 'குப்பம்' என்று மட்டும் சொல்லி இறங்காதீர்கள், குப்பத்தின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். படத்தை நம்பிக் கிளம்பாதீர்கள், குறிப்பாகப் பண்டிகை முடிந்த வாரத்தில். உள்பக்கத்தை முதலில் பாருங்கள். கையுறை வேண்டாம், சிரிப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தொப்பி வைத்திருப்பவர் என்ன கேட்கிறார் என்பதை முழுக்கக் கேட்டுவிட்டு, அதன் பிறகு விலை பேசுங்கள்.

ஜப்பானிய மொழி சொல்லித்தரும் ஓர் ஆசிரியையிடம் நான் எடுத்த படத்தைக் காட்டினேன். முதல் இரண்டு எழுத்து குடும்பப் பெயர், கடைசி எழுத்தை மூன்று விதமாகப் படிக்கலாம், அந்த மனிதரைக் கேட்டால்தான் தெரியும் என்றார். கடற்படையா, சரக்குக் கப்பலா, போருக்கு முன்னா பின்னா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. போன வாரம் நாகூரான் ஒரு படம் அனுப்பினார். போட்டு நனைந்திருக்கிறது, வலை ஈரமாக இருக்கிறது, எஞ்சின் பெட்டியின் மேல் தொப்பி, நங்கூரத்தின் நடுவில் புதுக் குங்குமம். அதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தத் தொப்பியைப் பற்றி என்னால் சத்தியம் செய்து சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெயரின் மேல் கடல் தண்ணீர் பட்டது ஒரே ஒரு தடவை. பட்டது என் விரலால்.